கவுன்ட்டர் வரை எட்டாத பயிற்சி

2024 நவம்பர் 25 அன்று ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். கிட்டத்தட்ட 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் பயன்பெறுவார்கள் என்றது அறிவிப்பு. பெரிய ஐஐடி ஒன்றில் படிப்பவருக்குக் கிடைக்கும் அதே இதழ், சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவிக்கும் கிடைக்கும் என்பது உண்மையிலேயே பெரிய விஷயம்.

ஆனால் அந்த மாணவி எந்தப் பக்கத்தில் நுழைய வேண்டும், வீட்டிலிருந்து எப்படித் திறக்க வேண்டும், எந்தச் சொல்லைப் போட்டுத் தேட வேண்டும், வந்து விழும் நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எதை முதலில் படிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லித் தருவது? விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்துவோம் என்று திட்ட அறிவிப்பிலேயே இருக்கிறது. பிரசாரம் என்றால் போஸ்டர் ஒட்டலாம், ஒரு நாள் கூட்டம் போடலாம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அந்த ஆள் நூலகத்தில்தான் இருக்கிறார். அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்? பல்கலைக்கழக நூலகப் பணியாளர்களின் பயிற்சி பற்றிய எல்லா விவாதமும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

சென்னைக்கு இது புதிய கேள்வி அல்ல. நூறாண்டுக்கு முன்பே இங்கே இதற்கு நல்ல விடை ஒன்று கிடைத்தது. 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்தவர். நூலகவியல் படித்தவர் அல்லர். வந்த சில நாட்களிலேயே வேலை பிடிக்காமல் பழைய வகுப்பறைக்கே போய்விட நினைத்தார். பல்கலைக்கழகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே யுனிவர்சிட்டி கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பெர்விக் சேயர்ஸிடம் பாடம் கேட்டார். அதோடு நிற்காமல் பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு நேரில் போனார். வாசகர் எப்படி நடத்தப்படுகிறார், அலமாரி எப்படித் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது, ஒரே வகை நூல்களை ஒவ்வொரு நூலகமும் எப்படி வேறு வேறாக அடுக்குகிறது என்று பார்த்தார். 1931-இல் வந்த ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’, 1933-இல் வந்த கோலன் பகுப்புமுறை இரண்டுக்கும் அந்தப் பயணத்தில் வித்து விழுந்தது. வகுப்பறையில் கேட்டதும் பிறருடைய நூலகங்களில் பார்த்ததும் சேர்ந்தே அவரை நூலகராக்கின. இன்றைய பயிற்சித் திட்டங்களில் இரண்டாவது பாதி அடியோடு காணாமல் போய்விட்டது.

திரும்பி வந்தவர் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1929-இல் அதன் கோடைப் பள்ளி தொடங்கியது. 1931-இல் அந்தப் பள்ளியைப் பல்கலைக்கழகமே ஏற்றது, 1937-இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாக வளர்ந்தது. இதற்கு முன்பே 1911-இல் பரோடாவில் மூன்றாம் சயாஜிராவ் அழைத்துவந்த அமெரிக்கர் போர்டனும், 1915-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆசா டான் டிக்கின்சனும் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். இந்திய நூலகக் கல்வி, வேலையில் இருப்பவர்களுக்கும் வேலைக்கு வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லித்தரும் பயிற்சியாகத்தான் பிறந்தது. பட்டம் பின்னால் வந்தது. 1935-இல் ரங்கநாதன் எழுதிய நூலக நிர்வாகம் பற்றிய நூலைப் புரட்டினால், நூலகத்தின் அன்றாட வேலைகளை அவர் எவ்வளவு பொறுமையாகப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார் என்பது தெரியும். எந்தச் சிறு வேலையும் சொல்லித்தரத் தகுதியானது என்று நினைப்பவரால்தான் அப்படி எழுத முடியும். பிற்காலத்தில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை மனைவி சாரதா பெயரில் நூலகவியல் இருக்கை அமைக்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1962-இல் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். ‘பயிற்சி’ என்பது அந்த மையத்தின் பெயரிலேயே இருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் நூலகவியலில் இளநிலையும் முதுநிலையும் படிக்க வழிகள் நிறைய. சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், அழகப்பா, அண்ணாமலை, பெரியார் என்று பல பல்கலைக்கழகங்கள் பட்டம் தருகின்றன. தொலைநிலைக் கல்வியிலும் ஆயிரக்கணக்கானோர் முடித்திருக்கிறார்கள். பாடத்திட்டங்களைக் குறை சொல்ல மாட்டேன். மார்க் 21, மெட்டாடேட்டா, மின்னூலகம் எல்லாம் தாளில் இருக்கின்றன. குறை செய்முறையில். நூலகத் தானியக்க மென்பொருளான கோஹாவில் ஒரு நூலின் பதிவைத் தானே உருவாக்கிப் பிழை திருத்திப் பார்க்காமல், மின்களஞ்சிய மென்பொருளான டிஸ்பேஸில் ஓர் ஆய்வேட்டை ஏற்றிப் பார்க்காமல் முதுநிலைப் பட்டம் வாங்கிவிட முடிகிறது. இத்தனைக்கும் இந்த மென்பொருள்கள் இலவசம். கோஹா 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூசிலாந்தின் சிறு நூலகம் ஒன்றில் ஓடத் தொடங்கியது. டிஸ்பேஸை எம்ஐடியும் ஹியூலெட் பேக்கார்டும் சேர்ந்து 2002-இல் வெளியிட்டன. பழைய கணினி ஒன்று இருந்தால் போதும், ஒரு துறை தன் மாணவர்களுக்குப் பயிற்சிக்கூடம் அமைத்துவிடலாம்.

பட்டத்துக்குப் பின்? இங்கேதான் நம் ஏற்பாட்டின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, இப்போது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாகப் பெயர் மாறியிருக்கின்றன. இவற்றில் நூலகவியலுக்கும் புத்தாக்கப் பயிற்சி உண்டு. 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளின்படி உதவி நூலகர் அடுத்த நிலைக்குப் போக 21 நாள் ஓரியண்டேஷன் முடித்திருக்க வேண்டும். தானியக்கம், மின்னுருவாக்கம் போன்றவற்றில் குறைந்தது 5 நாள் பயிற்சியும் வேண்டும். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் தன் சோல் நூலக மென்பொருளுக்குப் பயிற்சி தருகிறது. 1994 முதல் காலிபர் மாநாடுகளை நடத்துகிறது. வடகிழக்கு மாநிலங்களுக்கென்றே பிளானர் என்று தனியாக ஒரு மாநாடும் உண்டு. ஆக, பயிற்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பயிற்சி யாருக்கு? உதவி நூலகருக்கு, துணை நூலகருக்கு, நூலகருக்கு. அதாவது யுஜிசி ஊதிய விகிதத்தில் இருப்பவர்களுக்கு. ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மற்றவர்கள் நூலக உதவியாளர்கள், அட்டெண்டர்கள், தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள், ஒப்பந்த நிறுவனம் அனுப்பிவைத்தவர்கள். நிரந்தரப் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாத மாநிலப் பல்கலைக்கழகங்களில் நூலகத்தை நாள்தோறும் இயக்குவது இவர்கள்தாம். ஆசிரியரல்லாப் பணியாளர் என்ற பட்டியலில் இருக்கிறார்கள். பதவி உயர்வுக்கு இவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால் இவர்களை யாரும் பயிற்சிக்கு அனுப்புவதும் இல்லை. பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் முடிச்சுப் போட்டதன் விளைவு இது. முடிச்சுக்குள் வந்தவர்களுக்குப் பயிற்சி ஒரு கடமையாகிவிட்டது, வெளியே நிற்பவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

வாசகர் சந்திப்பது யாரை? மாலை 5 மணிக்கு மேல் எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழைந்தாலும் கவுன்ட்டரில் ஓர் உதவியாளரோ அட்டெண்டரோதான் இருப்பார். நூலகர் வீட்டுக்குப் போயிருப்பார். பகுதிநேர ஆய்வாளர்கள் வேலை முடிந்து வரும் நேரமும் அதுதான். அவர்களுக்கு எழும் கேள்விக்கு நூல் கொடுத்து வாங்குபவரே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சொல்லும் ‘இல்லைங்க’ என்ற ஒரு சொல்லோடு ஓர் ஆய்வாளர் அந்த நூலைத் தேடுவதையே விட்டுவிடக்கூடும்.

இந்த ‘இல்லை’ எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒரு நூலகத்தின் ஓபாக்கில், அதாவது கணினி நூற்பட்டியலில், ஔவையார் என்று தேடுகிறோம். ஔ என்பது யூனிகோடில் தனி எழுத்து. ஆனால் தட்டச்சு செய்யும் பலர் ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டு எழுதிவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துகள், ஆகவே வேறு வேறு பெயர்கள். சரியாகத் தட்டுபவருக்குத் தவறாகப் பதிந்த நூல்கள் வராது. தவறாகத் தட்டுபவருக்குச் சரியாகப் பதிந்தவை வராது. கௌதமன், பௌத்தம், மௌனி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒற்றைக்கொம்பு போட்டு ள அடித்துவிட்டால் மௌனியின் சிறுகதைகள் பட்டியலிலிருந்து மறைந்துபோகும். நூல் என்னவோ இரண்டாம் மாடி அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

சரி, கணினியிடம் சொல்லி ஒரே அடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆள் தேவைப்படுகிறார். ஒற்றைக்கொம்புக்கும் எழுத்துக்கும் பின்னால் ள வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்று என்று கட்டளை கொடுத்தால் வெள்ளியும் தெளிவும் வெளியீடும் சேர்ந்தே உடைந்துபோகும். தமிழ் தெரிந்த ஒருவர் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். ஆனால் எந்தப் புத்தாக்கப் பயிற்சியின் கால அட்டவணையிலும் இது இருக்காது. ஏனென்றால் பயிற்சிக்குப் போகிறவர் பதிவு செய்வதில்லை, பதிவு செய்கிறவர் பயிற்சிக்குப் போவதில்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்பதற்கு முன் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டிவைத்து, பின்னால் அவசரமாக மாற்றிய பழைய பதிவுகளின் நிலை இதைவிட மோசம்.

பெயர்களும் அப்படியே. உ.வே.சா.வை சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், சாமிநாதய்யர் என்று பலவாறு அச்சிட்டிருக்கிறார்கள். புதுமைப்பித்தனைத் தேடுபவருக்குச் சொ. விருத்தாசலம் என்ற பெயரில் இருப்பதும் வர வேண்டும். குடும்பப் பெயரை முன்னே போடும் மேலைநாட்டு விதியைக் குடும்பப் பெயரே இல்லாத தமிழ்ப் பெயருக்கு எப்படிப் பொருத்துவது என்பது அன்றாடம் எழும் சிக்கல். பெயர்களை ஒருமைப்படுத்தும் இந்த வேலை பட்டியலாக்கத்தின் உயிர்நாடி. பாடநூல் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களாக இருப்பதால், தமிழ் நூல்களைக் கையாள்பவர் தம் சொந்த வழியில் எதையோ செய்துகொள்கிறார். அடுத்த இருக்கைக்காரர் வேறொன்று செய்கிறார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடித் தமிழ்ப் பெயர்களுக்கான ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழிலேயே எழுதினால், எத்தனையோ கருத்தரங்கத் தொகுப்புகளைவிட அது பயன்படும்.

பழைய வேலையிலேயே இவ்வளவு இருக்கும்போது, புதிய வேலைகளும் வந்து சேர்ந்துவிட்டன. 2018-இல் யுஜிசி கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60-க்கு மேல் என்று நிலைகள் ஏறுகின்றன. ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றி அறிக்கை எடுக்கும் வேலை பல இடங்களில் நூலகத்துக்கு வந்துவிட்டது. இது வெறும் பொத்தான் அழுத்தும் வேலை அல்ல. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் விலக்கலாம், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களை விலக்கலாம் என்று விதி சொல்கிறது. மென்பொருளில் அந்த அமைப்புகளைச் சரியாக வைத்தால் ஓர் எண் வரும், வைக்காவிட்டால் வேறு எண் வரும். ஒரு மாணவரின் பட்டம் அந்த எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தமிழ் ஆய்வேட்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். எடுத்த மூலநூல் மென்பொருளின் தரவுத்தளத்தில் இல்லை என்றால், எத்தனை பக்கம் எடுத்திருந்தாலும் ஒப்புமை காட்டாது. குறைந்த எண்ணைக் கண்டு ‘சுத்தம்’ என்று கையெழுத்திடுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்விதழ்களின் தரம் பார்ப்பது இன்னொன்று. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவரே ஒரு பல்கலைக்கழக நூலகர்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி பீல் தயாரித்த பட்டியல் 2017 வரை இருந்தது. இங்கே தரமான ஆய்விதழ்களுக்கென்று யுஜிசி 2018-இல் கேர் பட்டியலை அறிவித்தது, 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. இனி இதழைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பட்டியல் இருந்தவரை ‘இருக்கிறது, இல்லை’ என்று சொன்னால் போதும். இப்போது ஆசிரியர் குழு உண்மையானதா, மதிப்பாய்வு நடக்கிறதா, காட்டும் தரக்குறியீடு யாருடையது என்று பார்த்து முடிவு சொல்லத் தெரிய வேண்டும். ஆய்வு மாணவர்கள் கட்டுரை அனுப்புமுன் கேட்கத் தகுந்த ஆள் வளாகத்தில் நூலகரைத் தவிர வேறு யார்?

செயற்கை நுண்ணறிவு பற்றி இப்போது எல்லாக் கருத்தரங்குகளிலும் பேசுகிறார்கள். பேசட்டும். கவுன்ட்டருக்கு அது வரும் விதம் மிக எளியது. சாட்ஜிபிடி கொடுத்த நூற்பட்டியலோடு மாணவர் வருவார். ஆசிரியர் பெயர் உண்மையானது, இதழின் பெயர் உண்மையானது, ஆண்டும் தொகுதி எண்ணும் நம்பும்படி இருக்கும். கட்டுரை மட்டும் உலகத்திலேயே இருக்காது. பயிற்சி இல்லாதவர் மணிக்கணக்கில் தேடிவிட்டு, தம்மிடம் சந்தா இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். பயிற்சி பெற்றவர் கட்டுரைக்குரிய டிஓஐ அடையாள எண்ணைச் சரிபார்த்து, இதழின் அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து, சில நிமிடங்களில் ‘தம்பி, இப்படி ஒரு கட்டுரையே வரவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள், உண்மையானதைத் தேடுவோம்’ என்பார். செயற்கை நுண்ணறிவுக் காலத்துக்கான நூலகப் பயிற்சி என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். மற்ற பெரிய பேச்செல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பார்வையற்ற மாணவர்களை இந்த விவாதங்களில் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அச்சு நூல்களை அவர்கள் படிக்கும் வடிவில் மாற்றப் பதிப்புரிமை விலக்குத் தரும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. 2016-இல் சுகம்ய புத்தகாலயா என்ற இணைய நூலகமும் வந்துவிட்டது. சட்டம் தயார், தொழில்நுட்பம் தயார். ஆனால் ஓர் ஆய்வேட்டைப் படமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் திரைவாசிப்பு மென்பொருளால் அதில் ஒரு சொல்லையும் படிக்க முடியாது என்பது ஸ்கேன் செய்பவருக்குத் தெரியாது. எழுத்துணரி கொண்டு மாற்றிப் பிழை திருத்திக் கொடுக்க ஒரே ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தாலும் போதும், வளாகத்தில் படிக்கும் பார்வையற்ற மாணவர் அத்தனை பேருக்கும் வழி திறக்கும். மின்னுருவாக்கப் பயிற்சியில் முதல் மணி நேரமே இதற்குத்தான் போக வேண்டும்.

ஏடு காக்கும் கலையும் அப்படித்தான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரசுவதி மகாலும் இருக்கும் நாட்டில் ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கையால் செய்து பழகியவர்கள், சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அல்லர். அவர்கள் ஓய்வுபெறும் முன் பக்கத்தில் இளையவர் ஒருவரை உட்கார வைப்பதுகூடப் பயிற்சிதான். அதற்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை.

இனி, நடக்கும் பயிற்சிகளின் முறை. பழக்கப்பட்ட வடிவம் நம் எல்லோருக்கும் தெரியும்: தொடக்க விழா, குத்துவிளக்கு, பவர்பாயின்ட், மதிய உணவு, நிறைவு விழா, சான்றிதழ், ஒரு கருத்துப் படிவம். அமெரிக்கரான கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை அளக்க நான்கு படிகள் சொன்னார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு என்ன விளைந்தது. நம் கருத்துப் படிவம் முதற்படியைத் தாண்டுவதில்லை. மூன்றாம் படியைப் பார்ப்பது கடினமும் அல்ல. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து ஓபாக்கில் பத்துத் தமிழ் எழுத்தாளர்களைத் தேடிப் பார்த்தாலே பட்டியலாக்கப் பயிற்சி பலித்ததா என்று தெரிந்துவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிக் கருத்தரங்குகள் பெருகி, கூகுள் படிவம் நிரப்பினால் சான்றிதழ் என்று ஆனபோது இந்த அளவீடு இன்னும் தேய்ந்தது. ஸ்வயம் போன்ற இணையக் கல்வித் தளங்கள் நல்ல கருவி. ஆனால் தொகுப்பூதியத்தில் இருக்கும் உதவியாளர் அதை எந்த நேரத்தில், யாருடைய கணினியில் படிப்பார்?

மொழியும் ஒரு தடை. உயர்நிலைப் பயிற்சிகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. உதவியாளர்களுக்கும் அட்டெண்டர்களுக்கும் தமிழில் பாடம் வேண்டும். 1960-இல் உருவான இலங்கை நூலகச் சங்கம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நூலகவியல் பாடங்களை நடத்துகிறது. ரங்கநாதன் பிறந்த மண்ணில் தமிழில் ஒரு முறையான பணியிடைப் பயிற்சித் தொடர் இல்லாதிருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா, 2016-இல் தொடர் பயிற்சிக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பணிநேரத்தில் சுமார் 10 விழுக்காட்டைப் பணியாளர் கற்பதற்கு விட வேண்டும், நிறுவன நிதியில் குறைந்தது 0.5 முதல் 1 விழுக்காடு வரை இதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறது அது. வாரம் 40 மணி நேர வேலையில் இது 4 மணி நேரம். நம் நிலையில் நான்கு மணி நேரம் பேராசை என்பார்கள். ஒரு மணி நேரமாவது முடியாதா? வாசகர் வரத்து குறைந்த ஒரு காலை வேளையில் நூலகம் முழுவதும் ஒரு மணி நேரம் ஒன்றாக உட்காரலாம். அந்த வாரம் கவுன்ட்டரில் விடை சொல்ல முடியாமல்போன கேள்விகளே பாடம். பயிற்சிக்குப் போய்வந்த உதவி நூலகர் தாம் கற்றதை அங்கே சொல்லித்தர வேண்டும். அதைச் செய்த பிறகே அவருடைய ஓ.டி. (பணி நிமித்தமாக வெளியே போனதற்கான) கோப்பில் கையெழுத்தாக வேண்டும். இதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் உதவியாளரையும் பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒரு வாரம் அனுப்பி அங்கே வேலை செய்ய வைக்கலாம். மாற்றாக அங்கிருந்து ஒருவர் வருவார். நூல்களில் ஆர்எஃப்ஐடி மின்னடையாளம் ஒட்டியிருக்கும் நூலகத்தில் ஒரு வாரம் இருந்தவருக்கு, தம் நூலகத்துக்கு அது தேவையா இல்லையா என்பதை விற்பனையாளரைவிட நன்றாகச் சொல்லத் தெரியும்.

எதிர்ப்புகள் தெரிந்தவைதாம். ஆளே இல்லை, இருப்பவரையும் பயிற்சிக்கு அனுப்பினால் கவுன்ட்டரில் யார் நிற்பது என்பார்கள். நியாயமான கேள்வி. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் பயிற்சியைப் பற்றி மட்டும் பேசுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்குச் சொல்லித்தந்தால் நல்ல வேலை கிடைத்துப் போய்விடுவார் என்பது மற்றொன்று. இதை நான் ஏற்கவில்லை. போகும்வரை அவர் நன்றாக வேலை செய்வார். போகும் இடத்திலும் வாசகர்கள்தான் இருப்பார்கள். சொல்லித்தராமல் வைத்திருந்தாலும் குறைந்த தொகுப்பூதியத்தில் அவர் நெடுநாள் இருக்கப்போவதில்லை. அட்டெண்டருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அலமாரியில் தவறான இடத்தில் செருகப்பட்ட நூல் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை தொலைந்த நூல்தான். அதைச் சரியான இடத்தில் வைப்பவர் அட்டெண்டர். பகுப்பு எண்ணின் பொருள் அவருக்குப் புரிந்தால் நூலகம் உயிரோடு இருக்கும்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’வின் இப்போதைய நிதி ஒதுக்கீடு 2027 வரைக்கும். அதன்பின் கணக்குப் பார்க்கும்போது எத்தனை கட்டுரைகள் திறக்கப்பட்டன என்று கேட்பார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுத இடம் கொடுக்கக் கூடாது. நம் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்களும் நூலகர்களும் இந்தக் கல்வியாண்டிலேயே ஓர் ஆணை போட வேண்டும்: வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி, நூலகர் முதல் அட்டெண்டர் வரை, நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும் எல்லோருக்கும், பணிநேரத்துக்குள்ளேயே. அந்த ஆணைக்கு யுஜிசியின் அனுமதியும் வேண்டாம், அரசின் சிறப்பு நிதியும் வேண்டாம். ஒரு கையெழுத்து போதும்.